பழைய படகு வாங்குபவர்களுக்கு: எஞ்சின் எவ்வளவு ஓடியிருக்கிறது, எப்படிப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யாழ்ப்பாணக் கரைகளில் கைமாறும் படகுகளில் பெரும்பாலானவை இரண்டு வகைதான். ஒன்று, 15 முதல் 40 குதிரைவலு வரையான வெளியிணைப்பு எஞ்சின் (பின்பலகையில் வெளியே தொங்குவது) பூட்டிய பைபர் படகு. மற்றது, உள்ளே டீசல் எஞ்சின் வைத்த மூன்றரைத் தொன் படகு. குருநகரிலிருந்து மயிலிட்டி வரை, தீவுப்பகுதி வரை வாங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. வலையைப் பற்றியோ தொழிலைப் பற்றியோ இதில் இல்லை. எஞ்சினைப் பற்றித்தான்.

வெளியிணைப்பு எஞ்சினில் மீற்றரே கிடையாதே. எத்தனை மணித்தியாலம் ஓடியதென்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

எரிபொருளை வைத்துப் பாருங்கள். கையால் பிடித்து ஓட்டும் ரூ-ஸ்ரோக் (two-stroke) எஞ்சின்களில் மணித்தியாலம் பதிகிற மீற்றர் பொதுவாக வருவதில்லை. "எவ்வளவு ஓடினது?" என்று நேரே கேட்டால் "கனக்க ஓடேல்லை" என்ற பதில்தான் கிடைக்கும். அதைக் கேட்காதீர்கள். எண்ணெய்ச் செலவைப் பற்றிக் கதை கொடுங்கள். எண்ணெய் விலையைப் பற்றிக் குறைப்படாத சம்மாட்டியை (படகு உரிமையாளரை) நான் கண்டதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர், மாதத்தில் எத்தனை நாள் தொழில், வருடத்தில் எத்தனை மாதம் என்பதெல்லாம் அந்தக் கதையிலேயே தானாக வந்துவிடும்.

பிறகு கணக்கு இலகு. ரூ-ஸ்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது பத்துக் குதிரைவலுவுக்கு மணித்தியாலத்தில் ஏறத்தாழ நாலு லீற்றர் குடிக்கும். 25 குதிரைவலு எஞ்சின் முழுதாகத் திருகினால் 10 லீற்றர் அளவில் போகும். வழமையான ஓட்டத்தில் 7, 8 லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். விற்பவர் நாளுக்கு 20 லீற்றர் என்றால் இரண்டரை மணித்தியால ஓட்டம். மாதத்தில் 20 நாள் என்றால் 50 மணித்தியாலம். வருடத்தில் பத்து மாதத் தொழில் என்றால் 500. எஞ்சின் வாங்கி மூன்று வருடம் என்றால் 1,500 மணித்தியாலம் கடந்த எஞ்சின் உங்கள் முன்னால் நிற்கிறது. வலை இழுக்கும்போது எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு வைப்பவர் என்றால் அதே எண்ணெயில் மணித்தியாலம் இன்னும் கூடும்.

இந்தக் கணக்கில் 2022ஆம் ஆண்டைத் தனியாகப் பாருங்கள். அந்த வருடம் எரிபொருள் இல்லாமல் படகுகள் கரையில் நின்றன. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, பலர் தொழிலுக்குப் போகும் நாள்களையும் குறைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னரே வாங்கிய எஞ்சின் என்றால் அந்த ஆண்டின் மணித்தியாலத்தைக் குறைத்துப் போடலாம். ஆனால் அப்படி ஓடாமல் நின்றது எஞ்சினுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. கீழே வருகிறது.

எத்தனை மணித்தியாலத்துக்கு மேல் ஓடியிருந்தால் விட்டுவிட வேண்டும்?

அப்படி ஒரு எல்லை இல்லை. வெளிநாட்டுப் பக்கங்களில் வெளியிணைப்பு எஞ்சினுக்கு 1,500 மணித்தியாலம் என்பதே முதுமை. அவை பொழுதுபோக்குக்காக வருடத்தில் நூறு மணித்தியாலம் ஓட்டுபவர்களுக்காக எழுதியவை. எங்கள் கரையில் தொழில் எஞ்சின் அந்த எண்ணை இரண்டு மூன்று வருடத்தில் தொட்டுவிடும். தொட்ட பிறகும், பிஸ்டன் மாற்றி, றிங் மாற்றி, பல வருடம் ஓடும்.

ஆகவே கேட்க வேண்டியது, கடைசியாக எஞ்சின் எப்போது திறக்கப்பட்டது, அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியது என்பதைத்தான். ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்திருந்தால் பிஸ்டன் எந்த அளவு என்றும் கேளுங்கள். பெரும்பாலான மொடல்களுக்கு 0.25 மில்லிமீற்றரும் 0.50 மில்லிமீற்றரும் கூடிய பிஸ்டன்கள்தான் வரும். ஏற்கெனவே 0.50 போட்டாகிவிட்டது என்றால் அடுத்த முறை சிலிண்டருக்குள் ஸ்லீவ் (புது உள்குழல்) அடிக்க வேண்டும், அல்லது புளொக்கையே மாற்ற வேண்டும். பிஸ்டன் தலையில் பெரும்பாலும் இந்த அளவு பொறித்திருக்கும். பிளக் கழற்றிய ஓட்டைக்குள் ரோச் அடித்துப் பார்த்தால், கரி மூடாமல் இருந்தால், தெரியும்.

கனகாலம் ஓடாமல் நின்ற எஞ்சின் புதிது மாதிரித்தானே?

இல்லை. நான் வாங்குவதென்றால், தினமும் கடலுக்குப் போய்வரும் 2,000 மணித்தியால எஞ்சினைத்தான் எடுப்பேன். ஒரு வருடம் கொட்டிலுக்குள் கிடந்த 300 மணித்தியால எஞ்சினை எடுக்கமாட்டேன்.

காரணம் உப்பு. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் ஒயில் பட்டுக்கொண்டே இருக்கும். கடல்தண்ணீரும் தேங்கி நிற்காது. நிறுத்தி வைத்தால் குளிராக்கும் தண்ணீர் வழிகளில் மிஞ்சிய தண்ணீர் காய்ந்து உப்புக் கட்டியாகும். கிராங் பெயரிங்கில் துரு பிடிக்கும். காபரேற்றருக்குள் எரிபொருள் பிசினாகும். தண்ணீர்ப் பம்புக்குள் சுற்றும் இம்பெலரின் றபர் இதழ்கள் மடிந்தபடியே இறுகிவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் வடமராட்சிக் கரையில் படகு ஏறி நிற்பது வழமை. அதனால் நிறுத்தி வைத்ததே குற்றமில்லை. எப்படி நிறுத்தினார் என்பதைக் கேளுங்கள். நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவினாரா, காபரேற்றரை வடித்தாரா, பிளக் ஓட்டையால் ஒயில் விட்டாரா? கேட்ட உடனே வரிசையாகச் சொல்பவர் செய்திருப்பார். "அதெல்லாம் தேவையில்லை" என்பவரிடம் அடுத்த கேள்வியே தேவையில்லை.

மண்ணெண்ணெயில் ஓடியது என்றால் பிரச்சினையா?

மண்ணெண்ணெய்க்கென்றே வந்த மொடல் என்றால் பிரச்சினையில்லை. பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெய்க்கு மாற்றியிருந்தால் பிரச்சினை.

மண்ணெண்ணெய் மொடலில் அழுத்தம் குறைவாகவே வைத்துச் செய்திருப்பார்கள். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெற்றோலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பெற்றோலுக்கென்று வந்த எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றினால் பாரம் ஏறும்போது உள்ளே தட்டும். அந்தத் தட்டல் நாளடைவில் பிஸ்டன் தலையைத் தின்னும், றிங் இருக்கும் இடத்தை உடைக்கும். எஞ்சினில் உள்ள மொடல் எழுத்தைக் குறித்துக்கொண்டு போய், அது எந்த எரிபொருளுக்கானது என்று விற்பனை முகவரிடமோ உதிரிப்பாகக் கடையிலோ கேளுங்கள்.

எந்த மொடலானாலும் மண்ணெண்ணெயில் கரி கூடப் பிடிக்கும். கடைசியாக எப்போது எஞ்சின் தலையைக் கழற்றிக் கரி சுரண்டினார்கள் என்று கேளுங்கள். பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். மண்ணிறம் நல்லது. ஈரக் கறுப்பு என்றால் எண்ணெய் எரியாமல் கிடக்கிறது, அல்லது ஒயில் கூடிவிட்டது. வெள்ளைப் படிவில் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது. விலை பேசாமல் வந்துவிடுங்கள்.

கொம்பிரசன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்க மெக்கானிக் வேண்டுமா?

நல்ல மெக்கானிக் கூட வந்தால் நல்லது. வராவிட்டாலும் ஒரு கேஜ் இருந்தால் நீங்களே பார்க்கலாம். இந்த எஞ்சின்களில் பெரும்பாலும் பிளக்கின் மரை 14 மில்லிமீற்றர். அந்த முனை உள்ள கேஜ் கராஜ்களிலேயே இருக்கும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். நிறுத்தும் கயிற்றுச் சாவியை இழுத்துவிடுங்கள். திரொட்டிலை முழுதாகத் திறந்து, ஊசி மேலே ஏறாமல் நிற்கும் வரை ஸ்ராட்டர் கயிற்றை ஐந்தாறு தரம் இழுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும்.

பெற்றோல் ரூ-ஸ்ரோக்கில் 90 முதல் 130 பி.எஸ்.ஐ. வரை வருவது வழமை. மண்ணெண்ணெய் மொடலில் குறையும். சரியான எண் அந்த மொடலின் கையேட்டில்தான் இருக்கும். ஆனால் எண்ணை விட, சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசம்தான் அதிகம் சொல்லும். இரண்டும் 100 காட்டினால் தேய்ந்தாலும் ஒருமிக்கத் தேய்ந்த எஞ்சின். ஒன்று 120, மற்றது 95 என்றால் ஏதோ நடந்திருக்கிறது. பத்து வீதத்துக்குள் வித்தியாசம் இருப்பது நல்லது. பதினைந்தைத் தாண்டினால் எஞ்சினைத் திறக்கும் செலவை விலையில் கழியுங்கள். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் றிங் தேய்வு. ஏறாவிட்டால் தலை கஸ்கற்றைச் சந்தேகிக்கலாம்.

தண்ணீர் நன்றாகப் பீச்சுகிறது. குளிராக்கும் பகுதி சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பீச்சுவது பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. பீச்சும் தண்ணீர் பிரியும் இடத்துக்கு அப்பால் வழி அடைத்திருந்தால் தண்ணீர் வெளியே அழகாகப் பீச்சும், உள்ளே எஞ்சின் கொதிக்கும்.

ஐந்து நிமிடம் ஓடிய பிறகு பீச்சும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருக்க வேண்டும். எவ்வளவு ஓடினாலும் சூடே ஏறாவிட்டால் தேர்மோஸ்ரற்றை (சூட்டுக்கேற்பத் தண்ணீரை விடும் வால்வை) கழற்றி எறிந்திருக்கலாம். சூடேறுகிற தொல்லைக்கு அதுதான் மருந்து என்று சிலர் செய்வார்கள். எஞ்சின் எப்போதும் குளிரில் ஓடும், கரி கூடும், ஏன் சூடேறியது என்ற மூலக் காரணம் அப்படியே கிடக்கும். பரவைக்கடலில் (ஆழம் குறைந்த கடலில்) ஓடிய எஞ்சின் என்றால் தண்ணீர் இழுக்கும் சல்லடையையும் பாருங்கள். சாதாளையும் (கடற்புல்) சேறும் அங்கேதான் அடைக்கும். சேற்றோடு இழுத்த தண்ணீர் இம்பெலரை அரம் போல் தேய்க்கும்.

நல்ல தண்ணீரில் கழுவும் பழக்கம் உண்டா என்று கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். தீவுப்பகுதியில் பல இடங்களில் குடிக்கவே நல்ல தண்ணீர் தட்டுப்பாடு. எஞ்சினை இறக்கிக் கழுவப் பரல் (பீப்பாய்) நிறையத் தண்ணீர் எங்கிருந்து வரும்? "ஒவ்வொரு நாளும் கழுவினனான்" என்று ஒருவர் சொன்னால் பரல் எங்கே என்று சும்மா பார்வையை ஓட்டுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஆனாலும் கடல்தண்ணீரை விட எவ்வளவோ மேல். அதையாவது செய்தாரா என்பதுதான் விடயம்.

எஞ்சினில் பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியையும் பாருங்கள். அது கரைவதற்கென்றே வைத்தது. பாதி கரைந்திருந்தால் தன் வேலையைச் செய்கிறது. முழுதாகக் கரைந்து ஆணி மட்டும் நின்றால் அதற்குப் பிறகு உப்பு அலுமினியத்தைத் தின்னத் தொடங்கியிருக்கும். அதன் மேல் பெயின்ற் அடித்திருந்தால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கீழே கியர் பகுதியில் என்ன பார்ப்பது?

அடி ஆணியைக் கொஞ்சம் தளர்த்தி, நாலைந்து துளி ஒயிலை வெள்ளைத் துணியில் எடுங்கள். பாலும் தேத்தண்ணியும் கலந்த நிறம் என்றால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆணியின் காந்தத்தில் மா மாதிரிப் பொடி ஒட்டுவது வழமை. கையில் குத்தும் துண்டுகள் என்றால் கியர்ப் பல் உடைகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரில் போட்டு விசிறியை (புரொப்பெல்லரை) கையால் சுற்றிப் பாருங்கள். நழுவக்கூடாது. விசிறிக்குக் கீழே நிற்கும் செட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது, படகு எவ்வளவு தரை தட்டியது என்பதை விற்பவரை விடத் தெளிவாகச் சொல்லும். வடகரையின் முருகைக்கல்லில் தட்டியது என்றால் விசிறித் தண்டு வளைந்திருக்கலாம். சுற்றும்போது தண்டின் நுனி ஆடுகிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் புதுப் பெயின்றோடு பளபளக்கிறது. நல்ல அறிகுறியா?

பெரும்பாலும் இல்லை. மூடியைக் கழற்றுங்கள். குழாய், வயர், ஸ்ரிக்கர் எல்லாவற்றிலும் ஒரே நிறம் தெளித்திருந்தால் அதை விற்பதற்காக அடித்திருக்கிறார்கள். பழைய பெயின்ற் இருப்பதே நல்லது. தலை ஆணிகளின் மூலைகளில் பெயின்ற் உடைந்திருந்தால் திறந்திருக்கிறார்கள் என்று அதிலேயே தெரியும். தண்ணீர் ஓடும் மூடிகளின் விளிம்பில் பெயின்ற் கொப்பளித்திருந்தால் உள்ளே உப்பு வேலை செய்கிறது. பிளைவீலின் (எஞ்சின் மேலே சுற்றும் பாரச் சில்லு) அடியிலும் வயர் முனைகளிலும் சேறோ உப்புப் படிவோ இருந்தால் எஞ்சின் ஒருமுறை தண்ணீருக்குள் போய்வந்தது.

மூன்றரைத் தொன் படகில் மீற்றர் இருக்கிறது. அதை நம்பலாமா?

மீற்றர் காட்டும் எண்ணைக் குறைந்தபட்சம் என்று எடுங்கள். மீற்றரைக் கழற்றி வைக்கலாம், வேறு மீற்றர் பூட்டலாம், வயர் அறுந்து வருடக்கணக்காக நின்றிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது அது நகர்கிறதா என்று முதலில் பாருங்கள். டீசல் எஞ்சின் ஆயிரக்கணக்கான மணித்தியாலம் தாங்கும். ஒயிலும் பில்ற்றரும் நேரத்துக்கு மாற்றிய 6,000 மணித்தியால யன்மாரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

முக்கியமானது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்கள் போய்ச் சேர்வது. நேரம் சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். எஞ்சின் தலையில் கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் ஏன் முன்கூட்டியே ஸ்ராட் பண்ணினார்கள் என்று கேளுங்கள். குளிரில் ஸ்ராட் பண்ணும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைவது பரவாயில்லை. சூடேறிய பிறகும் நீலம் வந்தால் ஒயில் எரிகிறது. பாரத்தில் கறுப்பு வந்தால் எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்ரரோ காற்று வழியோ, அல்லது அளவுக்கு மீறிய விசிறியோ காரணம். ஒயில் மூடியைத் திறந்து வைத்தால் மெல்லிய ஆவி வரலாம். குப்குப்பென்று தள்ளினால் றிங் தேய்ந்துவிட்டது. ஒயில் பார்க்கும் குச்சியில் பால் நிறம் தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். கடல்தண்ணீர் புகையோடு கலக்கும் வளைகுழாயையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது உள்ளே அரிந்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் சிலிண்டருக்கே திரும்பும்.

இழுவைமடிக்கு (படகால் கடலடியில் இழுக்கும் வலைக்கு) பாவித்த படகு என்றால் எஞ்சின் எந்த நேரமும் முழுப் பாரத்தில் ஓடியிருக்கும். அதே மணித்தியாலம், இரட்டைத் தேய்வு. 2017இல் சட்டம் திருத்தி அடிமட்ட இழுவைமடி தடை செய்யப்பட்டுவிட்டதால் அந்த உபகரணங்களுக்கு விலை கொடுக்கவும் தேவையில்லை.

புதிய ஃபோர்-ஸ்ரோக் எஞ்சின்களில் கம்பியூட்டரில் பதிந்திருக்குமாமே?

எரிபொருளை இன்ஜெக்சன் முறையில் தெளிக்கும் மொடல்களில் பதிந்திருக்கும். யமஹா, சுசுகி முகவர்களிடம் கணினியைப் பொருத்தி வாசிக்கும் கருவி உண்டு. மொத்த மணித்தியாலம் மட்டுமல்ல, எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடியது, எப்போதாவது அளவுக்கு மீறிச் சூடேறியதா என்பதும் வரும். விற்பவர் சம்மதித்தால் அதற்குக் காசு கொடுத்து வாசிக்கலாம். காபரேற்றர் வைத்த ஃபோர்-ஸ்ரோக்கில் இது கிடையாது.

படகையும் சேர்த்துத்தான் வாங்குகிறேன். எஞ்சினோடு தொடர்பாக உடலில் என்ன பார்ப்பது?

எஞ்சின் தொங்கும் பின்பலகை. பைபருக்கு உள்ளே பலகை வைத்து மூடியிருப்பார்கள். ஆணி ஓட்டையால் தண்ணீர் போனால் உள்ளே உக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். "டிக்" என்ற சத்தம் "டொப்" என்று மாறும் இடத்தில் உக்கல். எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகை வளையக்கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த படகுகளில் அவசரத்தில் வார்த்தவையும் இருந்தன. அந்தக் காலத்துப் படகென்றால் இதைக் கவனமாகப் பாருங்கள்.

ஏலத்தில் வரும் இந்திய றோலர்களின் (இழுவைமடிப் படகுகளின்) எஞ்சின்கள்?

2022 பெப்ரவரியில் காரைநகரில் நடந்தது போன்ற ஏலங்களில் வருபவை பிடிபட்டுக் கனகாலம் கடலிலேயே கிடந்தவை. ஓடவிட்டுப் பார்க்க வாய்ப்பில்லை. இரும்பு விலைக்கும் மர விலைக்கும் கணக்குப் பார்த்து, எஞ்சினுக்குப் பூச்சியம் போடுங்கள். கிடைத்தால் இலாபம்.

கடலில் ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்.

அப்படியென்றால் வாங்காதீர்கள். எண்ணெய்க் காசை நீங்களே கொடுப்பதாகச் சொல்லுங்கள். இரண்டு பேரை ஏற்றி, ஆழமான தண்ணீர் வரை போய், பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். கரையோரப் பரவைக்கடலில் ஓட்டிப் பார்த்தது கணக்கில்லை. சுற்று எண்ணும் மீற்றர் ஒன்றைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. பல மொடல்களில் முழு வேகச் சுற்று நிமிடத்துக்கு 4,500க்கும் 5,500க்கும் இடையில் வர வேண்டும். விசிறி சரியாக இருந்தும் எட்டாவிட்டால் எஞ்சின் சோர்ந்துவிட்டது.

காகிதங்கள்?

படகின் பதிவு இலக்கம் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் பதிந்த வெளியிணைப்புப் பைபர் படகென்றால் ஓ.எவ்.ஆர்.பி. என்று தொடங்கி ஜே.எவ்.என். என்று முடியும். எஞ்சினின் தொடர் இலக்கத்தைப் படகில் பிணைக்கும் தாங்கியில் உள்ள தகட்டில் பாருங்கள். தகடு சுரண்டியிருந்தால், புது ஆணியால் அடித்திருந்தால், கொள்வனவுச் சிட்டையைக் கேளுங்கள். லீசிங் முடிந்ததென்றால் நிறுவனத்தின் கடிதம் கையில் வரும்வரை முழுக் காசும் கொடுக்க வேண்டாம். உரிமை மாற்றத்தை மாவட்ட அலுவலகத்தில் செய்ய வேண்டும். ஊர்ச் சங்கத்தில் விசாரித்தால் படகைப் பற்றி விற்பவர் சொல்லாததும் வரும்.

வாங்கியாகிவிட்டது. முதலில் எதை மாற்றுவது?

இம்பெலர், கியர் ஒயில், பிளக், எரிபொருள் பில்ற்றர், துத்தநாகக் கட்டி. பழையவர் "போன மாதம்தான் மாத்தினது" என்றாலும் மாற்றுங்கள். டீசல் என்றால் எஞ்சின் ஒயிலும் பில்ற்றரும் சேர்த்து. பழைய இம்பெலரை எறியாதீர்கள். இதழ் ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தால் அது தண்ணீர் வழிக்குள் எங்கோ கிடக்கிறது. அதை எடுக்கும்வரை கடலுக்குப் போகவேண்டாம்.